முதுமையடையும் நாட்டில் உம்மம்மாவை யார் பார்ப்பது?

கடந்த வருடம் எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தின் விவாதப் போட்டியில் "முதியோர் இல்லங்கள் எமக்குத் தேவை" என்ற தலைப்பை எதிர்த்துப் பேசினேன். "பத்து மாதம் சுமந்தவளைப் பத்து வருடம் சுமக்க முடியாதா?" என்று கேட்டு முடித்தபோது மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஓர் ஆசிரியை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எங்கள் அணி வென்றது. சான்றிதழைக் காட்டுவதற்காக வீட்டுக்கு ஓடிவந்தேன். உம்மம்மாவின் கட்டிலுக்கருகே நிலத்தில் உட்கார்ந்தபடி, கையில் கஞ்சிக் கோப்பையுடன், தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்து உம்மா தூங்கிப்போயிருந்தார். நேரம் பின்னேரம் மூன்று மணி. அவர் இன்னும் பகல் சாப்பாடு சாப்பிட்டிருக்கவில்லை.

அன்று பேசியதில் பாதியை மீளப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மற்றப் பாதியை இப்போதும் நம்புகிறேன்.

உயர்தரத்தில் புவியியல் கற்பவர்களுக்குக் குடித்தொகைக் கூம்பகம் பழக்கமான விடயம். எங்கள் ஆசிரியை 1981, 2012 ஆகிய இரு குடிசன மதிப்பீட்டு ஆண்டுகளுக்கும் அதை வரையச் சொன்னார். முதலாவது, அடி அகன்று உச்சி ஒடுங்கி, பெயருக்கேற்றபடி கூம்பகமாகவே வந்தது. இரண்டாவது, வயிறு பருத்த குடம்போல வந்தது. 2024 குடிசன மதிப்பீட்டின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தால் அடி இன்னும் ஒடுங்குகிறது. 2012இல் நாட்டு மக்களில் 65 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 7.9 சதவீதம், 2024இல் 12.6 சதவீதம். 15 வயதுக்குக் குறைந்தோர் அதே காலத்தில் 25.2 சதவீதத்திலிருந்து 20.7 சதவீதமாகக் குறைந்துவிட்டனர். இதை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2012இல் நூறு சிறுவர்களுக்கு 31 முதியோர் இருந்தார்கள். 2024இல் 61 பேர். நான் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கி சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாரான காலத்துக்குள் இந்தத் தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது.

65 வயதைத் தாண்டியோர் 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாவதற்கு பிரான்ஸுக்கு 115 ஆண்டுகள் எடுத்தன. ஜப்பானுக்கு 1970 தொடக்கம் 1994 வரை 24 ஆண்டுகள்தான் எடுத்தன. நாங்கள் ஜப்பானின் வேகத்தில் போகிறோம். ஜப்பானிடமிருந்த பணம் மட்டும் எங்களிடம் இல்லை.

இப்படிச் சொன்னதும் நாட்டுக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டதுபோலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உம்மம்மா தன் உம்மாவைப் பற்றிச் சொன்ன பிறகு அந்த எண்ணம் மாறியது. அவருடைய உம்மா ஒன்பது பிள்ளைகள் பெற்று ஐந்தைத்தான் வளர்த்தெடுத்தார். இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் மௌத்தானார்கள். ஒன்று பிறந்த அன்றே போய்விட்டது. இன்னொன்றைப் பற்றி உம்மம்மாவுக்கே சரியாகத் தெரியாது. 1946ஆம் ஆண்டளவில் இலங்கையரின் சராசரி ஆயுள் 45 வருடத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த காலம் அது. பிறகு மலேரியாவுக்கு மருந்தடித்தார்கள். ஊர் ஊராக மருத்துவிச்சிமார் வந்தார்கள். வைத்தியசாலையில் காசு கேட்கவில்லை. 1945இலிருந்து கல்வியும் இலவசமானது. பெண் பிள்ளைகள் படித்தார்கள். படித்தவர்கள் பிந்தித் திருமணம் முடித்தார்கள். பெற்ற பிள்ளை தப்பும் என்ற நம்பிக்கை வந்ததும் குறைவாகப் பெற்றார்கள். 1953இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். 2016 ஆய்வில் அது 2.2. இன்று சராசரி ஆயுள் 75ஐத் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டுக் கணக்கும் இதேதான்: ஒன்பது, ஆறு, மூன்று.

ஆகவே உம்மம்மா 82 வயது வரை இருப்பது யாருடைய பிழையும் அல்ல. நாடு செய்த நல்ல காரியங்கள் பலவற்றின் பலன் அது. அந்த மேலதிக வருடங்களுக்கு என்ன ஏற்பாடு என்று யாரும் யோசிக்காமல் விட்டதுதான் பிழை.

இந்த வேகத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. 2012இல் நாட்டில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறந்தார்கள். 2023இல் அது இரண்டரை இலட்சத்துக்கும் கீழே போய்விட்டது. பால்மா வரிசையில் நின்ற காலத்தில் யார் துணிந்து பிள்ளை பெறுவார்கள்? மற்றது வெளிநாட்டுப் பயணம். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு வெளிநாடு சென்றார்கள். போவது இளையவர்கள், மிஞ்சுவது உம்மம்மாமார்.

இதற்குத் தீர்வு என்ன என்று எங்கள் வீட்டு வாசலில் பேச்சு வந்தால், பெரியவர்கள் சொல்லும் முதல் பதில், "அந்தக் காலம் மாதிரி நாலஞ்சு பிள்ள பெத்துக்கணும்" என்பதுதான். எங்கள் சமூகத்தில் பிறப்பு வீதம் தேசிய சராசரியைவிடச் சற்று அதிகம் என்பதால், முதுமைப் பிரச்சினை மற்றவர்களுடையது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வந்து பார்க்குமாறு அழைக்கிறேன்.

உம்மம்மாவுக்கு ஆறு பிள்ளைகள். மூத்த பெரியம்மாவுக்கே 62 வயது. முழங்கால் நோவினால் கதிரையில் இருந்துதான் தொழுகிறார். நடுப் பெரியம்மா தன் மாமியாரைப் பார்க்கிறார். பெரிய மாமாவுக்குக் கொழும்பில் கடை. நடு மாமா கட்டாரில் சாரதி. சின்ன மாமா தூர இடமொன்றில் ஆசிரியர். கடைசிப் பிள்ளை என் உம்மா. இரண்டு வருடங்களுக்கு முன் உம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தபோது, உம்மா பன்னிரண்டு வருடமாகப் படிப்பித்த பாலர் பாடசாலை வேலையை விட்டார். யாரும் அவரை விடச் சொல்லவில்லை. அப்படியொரு கேள்வியே எழவில்லை. ஆறு பிள்ளைகள் இருந்தும் பார்ப்பது ஒருவர்தான். பத்துப் பிள்ளைகள் இருந்திருந்தாலும் அந்த ஒருவர்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எங்கள் கிழக்கிலே இது நடப்பதற்கு ஒரு வழக்கமும் காரணம். இங்கே மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே கல்யாணம் செய்கிறார்கள். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கொடுத்து, கடைசி மகளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் பின்பக்க அறைக்கோ குசினியோடு சேர்ந்த கொட்டிலுக்கோ ஒதுங்குவார்கள். வீடு யாருக்கோ, பெற்றோரும் அவருக்கு. இதில் ஒரு நன்மை இருக்கிறது: வயதான தாய் மருமகளின் கையை எதிர்பார்க்காமல் மகளோடு இருக்கலாம். ஆனால் வீடு வாங்கிய மகள் பார்க்கட்டும் என்று மற்றவர்கள் விலகிக்கொள்ளவும் அதுவே சாட்டாகிறது. உறுதி எழுதும்போது தாங்கள் உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதலாம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? தெரிந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று விட்டுவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைப் பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பெற்றுத் தருமாறு முதியோர் முறையிடலாம். அதற்கென ஒரு சபையும் உண்டு. எங்கள் ஊரில் ஒரு தாய் தன் மகன்மீது முறைப்பாடு செய்வதை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. பசியோடு இருந்தாலும், "அவன் நல்ல பிள்ள, வேல கூட" என்றுதான் சொல்வார்.

இனிப் பணம். உம்மம்மா பத்து வயதிலிருந்து பன்பாய் இழைத்தவர். மூத்தவாப்பாவோடு வயலில் நின்றவர். நெல் அவித்துக் காயவைத்துக் குற்றி விற்றவர். எழுபது வருடம் வேலை செய்த அந்தப் பெண்ணுக்கு ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையினருக்கு 1958இலிருந்து ஊழியர் சேமலாப நிதியம் உண்டு. அதுவும் மாதாமாதம் வருவதில்லை, பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் மொத்தமாகக் கைக்கு வருகிறது. எங்கள் பக்கம் அந்தக் காசு பெரும்பாலும் மகளின் வீட்டுக் கூரையாக மாறிவிடும். வயலில், கடலில், வீட்டில் வேலை செய்தவர்களுக்கு அதுவும் இல்லை. 70 வயதைத் தாண்டிய வருமானம் குறைந்தோருக்கு அரசாங்கம் வழங்கும் கொடுப்பனவு 2025இல் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் பாமசியில் பெரியவர்களுக்கான பம்பர்ஸ் இரண்டு பொதி வாங்கிவிட்டு வரும்போது, கையில் மிஞ்சுவது உம்மம்மாவின் பால்மாவுக்குக் காணாது.

இலங்கையில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ ஆறு வருடம் கூடுதலாக வாழ்கிறார்கள். ஆனால் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரளவே உழைப்புப் படையில் இருக்கிறார்கள். கூடுதலாக வாழப்போகிறவர்களும் நாங்கள்தான்; கையில் சேமிப்பு இல்லாமல் வாழப்போகிறவர்களும் நாங்கள்தான். எனக்கு 60 வயதாகும் ஆண்டு 2068. வேலையை விட்ட என் உம்மாவுக்கு 60 வயதாக இன்னும் பதினைந்து வருடம்தான் இருக்கிறது. அவரது பெயரில் இருப்பது ஒரு வீடும், பாலர் பாடசாலை தந்த நினைவுச் சின்னமும். அந்த வீட்டையும் எனக்கோ தங்கைக்கோ எழுதத்தான் யோசிக்கிறார்.

என் விவாதப் பேச்சில் குர்ஆனையும் ஆதாரம் காட்டினேன். முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பான ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது என்ற அந்தக் கட்டளை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அது இளைய மகளுக்கு மட்டும் இறங்கியது என்று எங்கும் இல்லை. மூத்த மகனுக்கும்தான் இறங்கியது. கடமையை எல்லோருக்கும் பொதுவாகப் போதித்துவிட்டு, வேலையை ஒரு பெண்ணின் தலையில் வைப்பதை நாங்கள் பண்பாடு என்று அழைக்கிறோம். நான் மேடையில் செய்ததும் அதுதான். கைதட்டல் எனக்கு, கஞ்சிக் கோப்பை உம்மாவுக்கு.

ஆண்களால் முடியாது என்பதும் பொய். நடு மாமா சென்ற நோன்புப் பெருநாளுக்கு விடுமுறையில் வந்தார். மாதம் தவறாமல் காசு அனுப்புபவர்; அதில் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் உம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டாம் நாளும் அழுதார். மூன்றாம் நாள் உம்மாவுக்குக் காய்ச்சல் வந்து எழும்ப முடியவில்லை. மாமாதான் கஞ்சி ஊட்டினார். முதல் முறை அவசரப்பட்டு ஊட்டியதில் உம்மம்மாவுக்குப் புரைக்கேறிவிட்டது. ஒரு கோப்பை ஊட்ட நாற்பது நிமிடம் எடுக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரியும். முதுகில் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவும் பழகிக்கொண்டார். பெண் செய்ய வேண்டியவற்றைப் பெரியம்மாவும் நானும் செய்தோம், மற்றதெல்லாம் மாமா. திரும்பிப் போகும்போது உம்மாவிடம், "காசு அனுப்பினாச் சரியெண்டு நெனச்சிட்டன் தங்கச்சி" என்றார். அன்றிலிருந்து மாமாமார் மூவரும் தங்களுக்குள் பங்கு பிரித்து, காலையில் நான்கு மணித்தியாலம் உதவிக்கு வரும் ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். உம்மா இப்போது பகல் சாப்பாட்டைப் பகலில் சாப்பிடுகிறார்.

உதவிக்கு ஆள் தேடிய கதையையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் தேடினோம். பராமரிப்புப் பயிற்சி முடித்த பக்கத்து ஊர் யுவதி ஒருவரைப் போய்க் கேட்டோம். அவர் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தார். 2019இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் இங்கிருந்து அங்கு வேலைக்குப் போகலாம். முதியோர் பராமரிப்பும் அந்த வேலைகளில் ஒன்று. அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே அது ஒரு தொழில். சம்பளமும் மரியாதையும் உண்டு. இங்கே அதே வேலையைச் செய்தால் வேலைக்காரி என்பார்கள். ஜப்பானில் 2000ஆம் ஆண்டிலிருந்து நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே காப்புறுதி இருக்கிறது. 40 வயதானதும் எல்லோரும் அதற்குப் பணம் கட்டத் தொடங்க வேண்டும். முதுமையில் வீட்டுக்கு உதவியாளர் வருவார், பகல் நிலையத்துக்குப் போய்வரலாம். அவ்வளவு பெரிய திட்டத்தை நாளைக்கே இங்கே கேட்கவில்லை. வீட்டில் பராமரிப்பதற்காக வேலையை விட்டவரின் பெயரில் ஒரு சிறு தொகையாவது ஓய்வூதியக் கணக்கில் சேர வேண்டும் என்று கேட்கலாம் அல்லவா? முதலில் அதை வேலை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். போன குடிசன மதிப்பீட்டுக்கு வந்த உத்தியோகத்தர் உம்மாவின் தொழிலைக் கேட்டபோது, வாப்பா "சும்மாதான் இருக்கா" என்று சொன்னார். வாப்பா நல்லவர். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

முதியோர் இல்லத்தைப் பற்றி நான் பேசியதற்கு வருகிறேன். பிள்ளையே இல்லாதவருக்கும், பார்க்க யாருமற்றவருக்கும் இல்லம் வேண்டும்; அதை இழிவாகப் பேசியதற்கு வருந்துகிறேன். ஆனால் எங்கள் வீடுகளுக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று: காலையில் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் கூட்டிவரக்கூடிய பகல் பராமரிப்பு நிலையம். நடமாடக்கூடிய முதியோருக்கு வீட்டில் இருக்கும் பெரிய நோய் தனிமை. பக்கத்து வீட்டு அப்பா தொலைக்காட்சியோடு சண்டை பிடிப்பதை நான் தினமும் கேட்கிறேன். எங்கள் ஊரில் குர்ஆன் மத்ரஸாக் கட்டடங்கள் எத்தனையோ இருக்கின்றன. மின்விசிறி, தண்ணீர், கழிவறை எல்லாம் உண்டு. பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரம் முழுவதும் பூட்டியே கிடக்கின்றன. வயதான பெண்களுக்கு ஒன்றையும் ஆண்களுக்கு ஒன்றையும் திறக்கக் கூடாதா? தொழுகைக்கு இடம் தேட வேண்டியதில்லை. பிரஷர் பார்க்க வாரம் ஒருமுறை யாராவது வந்தால் போதும். உம்மம்மா கிளினிக் வரிசைக்குப் பயந்து எட்டு மாதம் பிரஷர் குளிசையை விட்டிருந்தார் என்பது பாரிசவாதம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் குளிசை அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். அதை ஒழுங்காகக் குடித்திருந்தால் இந்தக் கட்டுரையையே நான் எழுதியிருக்க மாட்டேனோ என்று சில நேரம் நினைப்பேன்.

அடுத்த வருடம் எனக்கு உயர்தரப் பரீட்சை. இறைவன் நாடி, பெறுபேறு சரியாக வந்தால் பேராதனைக்குப் போக ஆசை. இரவு பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் உம்மம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பது என்னுடைய முறை. நான் போனால் அந்த முறை தங்கைக்கு வரும் என்று வீட்டில் எல்லோரும் தாமாகவே நினைத்துக்கொண்டார்கள். தங்கை ஏழாம் தரம். அவளுக்கும் எனக்கும் நடுவே பதினைந்து வயதில் ஒரு தம்பி இருக்கிறான். இரவு இரண்டு மணி வரை போனில் கிரிக்கெட் பார்க்கிறான். அவனை யாரும் நினைக்கவில்லை! நான்தான் சொன்னேன். முதல் வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். இப்போது உம்மம்மா அவன் வந்தால்தான் கண்ணைத் திறக்கிறார். ஆண் பிள்ளையின் கை பலமாம்.

மத்ரஸா யோசனையை வகுப்புத் தோழிகளிடம் சொன்னபோது, ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கட்டில் இருப்பது தெரியவந்தது. எல்லோரும் சேர்ந்து பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். பதினொரு பேர் கையொப்பமிட்டோம். கொண்டுபோனபோது, பெண் பிள்ளைகள் இப்படி வரத் தேவையில்லை, வீட்டிலிருந்து ஓர் ஆணிடம் கொடுத்தனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தம்பியிடம் கொடுத்தனுப்பினோம். வாங்கி வாசித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொன்னார்களாம். "உங்கட வீட்டுல யாரப்பா படுக்கையில?" என்று ஒருவர் கேட்டாராம். தம்பி விபரம் சொன்னதும், தன் உம்மாவும் நாலு வருடமாகப் படுக்கையில்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். யார் பார்க்கிறார்கள் என்று தம்பி கேட்டானாம். "தங்கச்சிதான்" என்றாராம்.